தரையின் சரித்திரம்: மெழுகல், காவி, டைல்ஸ்

1

கம்ப்யூட்டரில் வரைந்து கலர்த்தாளில் எடுத்து வந்த பிளானை இஞ்சினியர் எங்கள் பட்டாசலில் விரித்து வைத்தார். காற்றில் பறக்காமலிருக்க நாலு மூலையிலும் நாலு டம்ளர். பாவூர்சத்திரத்தில், தாத்தா காலத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் புதுவீடு கட்டுவதென்று தம்பியும் நானும் முடிவு செய்திருந்தோம். ஹால், கிச்சன், ரெண்டு பெட்ரூம், ஒன்றுக்கு அட்டாச்டு பாத்ரூம், கார் நிறுத்த இடம். வாஸ்துப்படி அக்னி மூலையில் அடுப்பு. எல்லா இடத்துக்கும் இரண்டுக்கு இரண்டு அடி டைல்ஸ். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

'எல்லாம் நல்லாத்தான்யா இருக்கு. நான் எங்கன உக்காந்து பீடி சுத்துவேன்?'

இஞ்சினியர் சிரித்தார். 'இன்னும் எதுக்கும்மா பீடி? பிள்ளைங்கதான் நல்லா இருக்காங்கள்லா' என்றார். தம்பியும் அதையே சொன்னான். நான் ஒன்றும் சொல்லவில்லை. எழுபத்தைந்தைத் தாண்டிவிட்ட அம்மா, கண் மங்கிய பிறகும் நாளைக்கு இருநூறு முந்நூறு சுற்றிக்கொண்டுதான் இருக்கிறாள். அவளுடைய கேள்வியை ஒரு கிழவியின் பிடிவாதமாக எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட முடியும். ஆனால் அதை ஒரு சரித்திரக் கேள்வியாக எடுத்துக்கொண்டால் என்ன என்று தோன்றியது. வீட்டுத் தரையில் யார் எங்கே உட்காரலாம், யார் எதுவரை வரலாம், அந்தத் தரையை யார் செய்தார்கள், யார் துடைத்தார்கள், யாருக்கு அது சொந்தம்? கோட்டை கொத்தளத்தையும் கோபுரத்தையும் எழுதிய நமது சரித்திரக்காரர்கள் தரையைக் குனிந்து பார்த்ததில்லை. வீடுகளைப் பற்றிய பேச்சிலுங்கூட கூரைதான் முன்னால் நிற்கிறது. குடிசை, ஓட்டு வீடு, மட்டப்பா வீடு, மச்சு வீடு என்று கூரையை வைத்துத்தான் மனுசனின் அந்தஸ்தையே நாம் சொல்கிறோம். 2011இல் நடந்த சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு ஒரு குடும்பத்தை ஏழை என்று சொல்ல வைத்த அளவுகோல்களில் ஒன்று, கச்சா சுவரும் கச்சா கூரையும் கொண்ட ஒற்றை அறை. தரை அதில் இல்லை. வழக்கமான மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுப் பட்டியலில் மட்டும் தரைக்கு ஒரு கட்டம் உண்டு: மண், மரம், செங்கல், கல், சிமெண்டு, மொசைக் அல்லது டைல்ஸ். அந்தக் கட்டத்தின்படி 2001இல் இந்திய வீடுகளில் பாதிக்கு மேல் மண் தரை. 2011இல் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஒரு தேசத்தில் பாதிப்பேர் காலடியில் என்ன இருக்கிறது என்பது பேசப்படாமலே இருந்திருக்கிறது.

2

இடிக்கிற வேலை பட்டாசலில்தான் தொடங்கியது. கடப்பாரை விழுந்த இடத்தில் தரை மூன்று அடுக்காக வாய் திறந்தது. மேலே விரற்கடை கனத்தில் காவி போட்ட சிமெண்டு. அதற்குக் கீழே நாலைந்து அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும். அதற்கும் கீழே கறுத்து இறுகிய மண். அந்த மண்ணைக் கையில் எடுத்து ஒடித்தால் மெல்லிய ஏடுகளாகப் பிரிந்தது. ஒவ்வொரு ஏடும் ஒரு மெழுகல். ஆச்சியின் கையும் அம்மாவின் கையும் வெள்ளிக்குவெள்ளி தடவித் தடவி ஏற்றிய ஏடுகள். ஃபூக்கோ அறிவுத்துறைகளைத் தோண்டுவதற்குத் தொல்லியல் என்று பேர் வைத்தார். எங்களுக்குக் கடப்பாரையே போதுமானதாக இருந்தது.

மெழுகல் சாதாரண வேலையில்லை. செம்மண்ணும் கரம்பையும் கலந்து, தண்ணீர் விட்டு மிதித்து, பரப்பி, திமிசுக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்க வேண்டும். காய்கிறபோது வெடிப்பு விட்டால் வெடிப்பில் கூழ்மண் விட்டு மறுபடி அடிக்க வேண்டும். பிறகு சாணியைக் கரைத்து, அரைவட்டம் அரைவட்டமாகக் கை போகிற போக்கில் மெழுக வேண்டும். சாணியில் உள்ள நார் மண்ணைப் பிடித்துவைக்கும், தூசி எழும்பாது. கரியைச் சேர்த்தால் கறுப்பு ஏறும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சாணி, எந்த வெயிலில் எவ்வளவு நேரம் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, கையில் இருந்தது. அது பெண்களின் கை. கொல்லனுக்கும் தச்சனுக்கும் பட்டறை என்றும் தொழில் என்றும் பேர் கொடுத்த சமூகம், மெழுகுகிறவளின் அறிவுக்குத் தொழில் என்று பேர் கொடுக்கவில்லை. வீட்டுவேலை என்று சொல்லிவிட்டது. கூலி இல்லை, பேர் இல்லை, ஓய்வும் இல்லை.

இதைச் சொல்லும்போது ஒரு எச்சரிக்கை வேண்டியிருக்கிறது. சாணித்தரை குளிர்ச்சி, கிருமிநாசினி, நம் முன்னோரின் விஞ்ஞானம் என்று பேசுகிற கூட்டம் இப்போது பெருத்திருக்கிறது. அந்தத் தரையில் குனிந்தவர்கள் அப்படிப் பேசக் கேட்டதில்லை. மழைக்காலத்தில் ஈரம் ஊறும், கறையான் ஏறும், மூலையில் பொந்து விழும், பொந்தில் தேள் இருக்கும். அம்மா சொல்வாள்: 'வயித்துல உன்னை வச்சுக்கிட்டு வீடு முழுக்க மெழுகியிருக்கேன். மெழுகுன கைக்குத் தெரியும்யா அதுல என்ன சொகம் இருந்துச்சுன்னு.' இந்தச் சொல்லை முன்வைக்காமல் மண் தரையைப் பற்றி எழுதுவது, உழைப்பைக் கழித்துவிட்டு அழகை மட்டும் எடுத்துக்கொள்வதாகும்.

3

வீடு என்பது கையில் பணமிருந்தால் கட்டிக்கொள்ளக்கூடிய ஒன்றாக எப்போதும் இருந்ததில்லை. நான் பிறந்த சாதியினர், அன்றைக்குச் சாணார் என்று அழைக்கப்பட்டவர்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தெற்கே என்னென்ன செய்யக்கூடாது என்ற பட்டியலை ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளிவந்த தமது நாடார் வரலாற்று நூலில் தொகுத்திருக்கிறார். குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது, பொன் நகை அணியக்கூடாது, பெண்கள் குடத்தை இடுப்பில் வைக்கக்கூடாது, மேலாடை போடக்கூடாது. வீடு ஒரு நிலைக்கு மேல் உயரக்கூடாது. உடம்பில் என்ன ஏறலாம் என்பதைத் தீர்மானித்த அதே அதிகாரம்தான் மனையில் என்ன ஏறலாம் என்பதையும் தீர்மானித்தது. ஆக, வீட்டின் பிளான் இஞ்சினியரின் மேசையில் பிறப்பதற்கு ரொம்ப காலத்துக்கு முன்பே ஊரின் சாதிப் படிநிலையில் வரையப்பட்டிருந்தது.

பனையேற்றம், கருப்பட்டி, வியாபாரம், உறவின்முறை, கல்வி என்று எழும்பி வந்த நாங்கள் அந்த உயரக் கட்டுப்பாட்டை உடைத்தோம். மாடி கட்டினோம். மாடியின் நெற்றியில் கட்டிய வருசத்தைச் சிமெண்டில் எழுதினோம். அது ஒரு விடுதலை. அதில் சந்தேகமில்லை. ஆனால் எங்கள் வீடுகளிலும் திண்ணை, தார்சா, பட்டாசல், அரங்கு, அடுக்களை என்ற வரிசை அப்படியே இருந்தது. இந்த வரிசையை உள்ளே போகப்போகச் சுத்தம் கூடுகிற வரிசையாக வாசிக்க வேண்டும். தெருவில் வருகிறவன் திண்ணைவரை, கணக்குவழக்கு உள்ளவன் தார்சாவரை, சொந்தக்காரன் பட்டாசல்வரை, அடுக்களைக்கு வீட்டுப் பெண்கள் மட்டும். அந்தப் பெண்களும் மாதத்தில் மூன்று நாள் 'தூரம்' என்று புறவாசலுக்குத் தள்ளப்பட்டார்கள். அல்ஜீரியாவின் கபைல் மக்களுடைய வீட்டைப் பற்றி பியர் பூர்தியூ எழுதிய கட்டுரை, வெளிச்சம்-இருட்டு, மேல்-கீழ், ஆண்-பெண் என்ற எதிர்மறைகளால் வீடு கட்டமைக்கப்படுவதைக் காட்டுகிறது. நம் வீட்டை அப்படி வாசிக்கும்போது அந்த இரட்டைகளோடு இன்னொன்றும் சேர்கிறது: தீட்டு. எங்கள் வயலில் வேலை செய்த தலித் ஆட்களுக்குத் திண்ணைகூட இல்லை. அவர்கள் புறவாசல் வழியாக வந்து புறவாசல் வழியாகப் போனார்கள். எங்களுக்கு மேலே போடப்பட்டிருந்த கோட்டை அழித்த கையாலேயே எங்களுக்குக் கீழே ஒரு கோடு போட்டோம் என்பதை எழுதாமல் எங்கள் எழுச்சியின் சரித்திரத்தை எழுதுவது பாதிச் சரித்திரம்.

4

இரண்டாவது அடுக்குக்கு வருவோம். சிமெண்டு.

லீட்ஸ் நகரத்து ஜோசப் ஆஸ்ப்தின் 1824இல் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதல் முயற்சி 1904இல் சென்னையில் நடந்தது. கடற்சிப்பியை வைத்துச் செய்துபார்த்தது, நிலைக்கவில்லை. 1914இல் போர்பந்தரில் ஆலை வந்தது. எங்கள் பக்கத்துக்குச் சிமெண்டு என்றால் தாழையூத்து. 1949இல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையைத் திருநெல்வேலிக்கு வடக்கே தாழையூத்தில் தொடங்கியது. அந்த இடம் சங்கர்நகர் ஆயிற்று. சுண்ணாம்புக்கல் பூமிக்கடியில் இருந்தது, ரயில் பாதை பக்கத்தில் இருந்தது. தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குப் போகிற பாதை 1903லேயே போடப்பட்டுவிட்டது. பாவூர்சத்திரம் அதில் ஒரு நிறுத்தம். மரம் அறுக்கிற மில்களும் காய்கறிச் சந்தையும் வந்து, வழிப்போக்கர் தங்கும் சத்திரத்தின் பேரைக்கொண்ட ஊர் சரக்கு மாற்றுகிற ஊராக மாறியது. அப்பா அப்படியொரு மில்லில் கணக்கு எழுதினார்.

ஆனாலும் முப்பது வருசம் தாழையூத்துச் சிமெண்டு எங்கள் வீட்டுக்குள் வரவில்லை. விலையும் விநியோகமும் அரசாங்கக் கட்டுப்பாட்டில் இருந்தன. வீடு கட்டுகிறவன் பர்மிட்டுக்கு மனுப்போட்டுக் காத்திருக்க வேண்டும். 1982இல்தான் கட்டுப்பாடு பாதி தளர்ந்தது. 1989இல் முழுக்கப் போனது. எங்கள் தரை 1979இல் போடப்பட்டது. எனக்குப் பத்து வயது. பர்மிட்டுக்காக அப்பா நடையாய் நடந்ததும், கிடைத்த மூட்டைகளைப் பட்டாசலில் அடுக்கி அதன்மேல் நாங்கள் படுத்துக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. பணம் அம்மாவுடையது. பீடி சுற்றிச் சீட்டுப் போட்ட பணம்.

காவித்தரை போடுவதும் லேசான காரியமில்லை. ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, மேலே மணல் கலந்த சிமெண்டு பூசி, அது இழுத்துக்கொள்வதற்குள் சிமெண்டும் காவிப்பொடியும் சலித்துக் கலந்த பாலை விட்டு, இரும்புக் கரண்டியால் தேய்க்க வேண்டும். ஒரே மூச்சில் ஒரு அறை முடிய வேண்டும். பாதியில் நிறுத்தினால் ஒட்டுத் தெரியும். காவிப்பொடி என்பது இரும்பு ஆக்சைடு, வெயிலில் வெளுக்காது. மறுநாளிலிருந்து பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். காய்ந்த பிறகு தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தால் முகம் தெரியும். கொத்தனார் அண்ணாச்சி ராத்திரி ஒருமணிவரை அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முட்டிபோட்டுத் தேய்த்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

இந்த இடத்தில் ஒன்று கவனிக்கத்தக்கது. மண் தரை பெண்ணின் கையில் இருந்தது. அவளே மூலப்பொருளைச் சேர்த்து, அவளே போட்டு, அவளே புதுப்பித்தாள். சிமெண்டு வந்ததும் தரை போடுவது 'தொழில்' ஆயிற்று. அதே நொடியில் அது ஆணுக்குப் போய்விட்டது. கரண்டி கொத்தனார் கையில். பெண் அதே வேலையிடத்தில் சித்தாளாக நின்றாள்: மணல் சலிக்க, கலவை சுமக்க, தண்ணீர் விட. சித்தாள் இருபது வருசம் சுமந்தாலும் சித்தாள்தான். கூட வந்த பையன் அஞ்சு வருசத்தில் கரண்டி பிடித்துக் கொத்தனாராகிவிடுவான். தொழில்நுட்பம் மாறும்போது உழைப்பு குறைகிறது என்கிறோம். யாருக்குக் குறைகிறது, யாருடைய அறிவு அதில் செல்லாக்காசாகிறது என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அம்மாவுக்கு மெழுகுகிற வேலை ஒழிந்தது உண்மை. அவள் அந்தத் தரையைப் பார்த்துச் சந்தோசப்பட்டதும் உண்மை. மிச்சமான அந்த நேரத்தில் அவள் இன்னும் இருநூறு பீடி கூடச் சுற்றினாள் என்பதும் உண்மை.

5

கீழப்பாவூர், ஆலங்குளம், முக்கூடல், தென்காசி வட்டாரங்களில் தெருவுக்குள் நடந்தால், வாசலில் காலை நீட்டி மடியில் சுளகை வைத்துக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். இலையை ஈரத்துணியில் பொதிந்து வைத்து, கத்திரியால் வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கி, கட்டுக்கட்டாகச் சேர்த்து, சாயந்தரம் கம்பெனிக்குக் கொண்டுபோய் எண்ணிக் கொடுக்க வேண்டும். சரியில்லாததைக் கழித்துப்போடுவார்கள், கழித்ததற்குக் கூலி இல்லை. இதற்கு என்ன இயந்திரம் வேண்டும்? ஒன்றும் வேண்டாம். வெளிச்சம் விழுகிற ஆறடித் தரை வேண்டும்.

அந்தத் தரைதான் பீடி முதலாளிக்கு வாடகையில்லாத தொழிற்சாலை. பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்காக 1966இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தொழிற்கூடத்துக்கு உரிமம், சுத்தம், காற்றோட்டம், கூட்ட நெரிசல் இல்லாமை, குடிதண்ணீர், கக்கூஸ் எல்லாவற்றையும் அது விதித்தது. கூடவே, தனியார் குடியிருக்கும் வீடு 'தொழிற்கூடம்' என்ற வரையறைக்குள் வராது என்றும் சொன்னது. வீட்டில் இருந்து சுற்றுகிறவளைத் தொழிலாளி என்று ஒப்புக்கொண்ட சட்டம், அவள் உட்கார்ந்திருக்கிற இடத்தை வேலையிடமாக ஒப்புக்கொள்ளவில்லை. சுளகிலிருந்து கிளம்புகிற புகையிலைத் தூசி தொட்டிலில் கிடக்கிற பிள்ளையின் மூக்கில் ஏறுவது எந்த ஆய்வாளரின் பார்வைக்கும் வெளியே போயிற்று.

1976இல் பீடித் தொழிலாளர் நல நிதிச் சட்டம் வந்தது. பீடிமேல் தீர்வை விதித்து அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் படிப்புதவி, வீட்டுக்கு மானியம். எத்தனையோ குடும்பங்கள் அந்த மானியத்தில் வீடு கட்டியிருக்கின்றன. அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அதிலுள்ள முரணைப் பாருங்கள். வீட்டில் வைத்துச் செய்த வேலையிலிருந்து திரண்ட பணத்தில் வீடு கட்டித் தரப்பட்டது. அந்த வீட்டின் அளவையும் அறையையும் கணக்கிடும்போது மட்டும் அங்கே வேலை நடக்கும் என்பது மறந்துபோயிற்று. இஞ்சினியரின் பிளானில் அம்மாவுக்கு இடம் இல்லாமல் போனதற்கு அவர் மட்டும் காரணமில்லை. ஐம்பது அறுபது வருசமாக அரசும் சட்டமும் வரைந்த பிளானைத்தான் அவரும் வரைந்திருக்கிறார்.

6

அறைகளைப் பிரிக்கும் பிளானுக்கு ஒரு உலகச் சரித்திரம் உண்டு. 1926இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட்டில், மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக ஒரு அடுக்களையை வடிவமைத்தார். ஏறத்தாழ 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர். ஒரு பெண் சமைக்கும்போது எத்தனை எட்டு வைக்கிறாள் என்று கணக்கிட்டு, எட்டுகளைக் குறைத்து வரையப்பட்டது. பத்தாயிரம் வீடுகளில் வைக்கப்பட்டது. பெண்ணின் உழைப்பை ஒரு கட்டடக் கலைஞர் உழைப்பாக அளந்தது பெரிய விசயம். ஆனால் ஒருத்தி மட்டும் நிற்கக்கூடிய அந்த அறையில், சமையல் ஒருத்தியின் வேலை என்பதும் சேர்த்துக் கட்டப்பட்டுவிட்டது. இன்றைக்கு நம் ஊர் 'மாடுலர் கிச்சன்' அதன் பேத்தி. நின்றுகொண்டே வேலைபார்க்கிற மேடை வந்தது. அரிவாள்மனையும் அம்மியும் அங்கணக்குழியும் போயின. கூடவே, நாலு பெண்கள் தரையில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே ஊர்க்கதை பேசிய இடமும் போயிற்று. அந்த இடத்தில் அடிமைத்தனமும் இருந்தது, கூட்டும் இருந்தது. ஒன்றை மட்டும் சொல்லுகிறவர்களை நம்பவேண்டாம்.

ஏழைகளுக்கான பிளானை அரசு வரைகிறது. 1985இல் இந்திரா குடியிருப்புத் திட்டம். குறைந்தது இருபது சதுர மீட்டர். 2011இல் தமிழக அரசின் பசுமை வீடு. 300 சதுர அடி. 2016இல் பிரதமர் பேரிலான ஊரகத் திட்டம். 25 சதுர மீட்டர். 2024இல் கலைஞரின் கனவு இல்லம். 360 சதுர அடி. சதுர அடி கூடியிருக்கிறது. மறுக்கவில்லை. ஆனால் பானை வனைகிறவனுக்கும் பாய் முடைகிறவளுக்கும் பீடி சுற்றுகிறவளுக்கும் ஒரே பிளான்தான். அந்த வீடுகள் பெரும்பாலும் எங்கே எழும்பின? ஊருக்கு வெளியே முன்பிருந்த அதே காலனியில்தான். 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் தொடங்கிய சமத்துவபுரம், நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு என்று பல சாதியினரை ஒரே தெருவில் கலந்து வைத்தது. அது இந்த வரைபடத்தின்மேல் வைக்கப்பட்ட முக்கியமான கை. ஆனால் அது புதிதாக ஒரு ஊரை உண்டாக்கியதே தவிர, பழைய ஊர்களின் நடுத்தெருவில் கைவைக்கவில்லை. முதலாளித்துவம் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, வேறு இடத்துக்கு நகர்த்துகிறது என்று 1872இல் எங்கெல்ஸ் வாதிட்டார். சாதியும் அதையே ரொம்ப காலமாகச் செய்துவருகிறது.

7

மூன்றாவது தரைக்கு வருவோம். டைல்ஸ்.

தென்காசி ரோட்டில் மரக்கடைகளுக்கு ஈடாக இப்போது டைல்ஸ் கடைகள். பெட்டிகளில் மோர்பி என்று எழுதியிருக்கும். குஜராத்தில் உள்ள அந்தச் சிறு நகரத்தில்தான் இந்திய டைல்ஸின் பெரும்பகுதி உற்பத்தியாகிறது. களிமண், ஃபெல்ட்ஸ்பார், குவார்ட்ஸ் தூள்களை அழுத்தி, 1200 டிகிரியை ஒட்டிய சூட்டில் சுட்டால் மண் கண்ணாடித்தன்மை அடைகிறது. 'விட்ரிஃபைடு' என்பது அதுதான். தன் எடையில் அரை சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. அதனால் கறை பிடிக்காது. அதனாலேயே தண்ணீர் சிந்தினால் வழுக்கும். குவார்ட்ஸ் தூசி, செய்கிறவனின் நுரையீரலில் சிலிக்கோசிஸ் ஆகிறது. இங்கே தண்ணீர் விடாமல் கட்டிங் மெசினால் அறுக்கிறவனுக்கும் அதே தூசிதான். மூக்கில் கட்டிய துண்டுதான் அவனுடைய பாதுகாப்பு. எங்கள் தெருவில் டைல்ஸ் பதிக்கிறவர்களில் பலர் வடக்கேயிருந்து வந்த பையன்கள். கட்டுகிற வீட்டின் சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்கிறார்கள், நாங்கள் 1979இல் படுத்துக்கொண்ட மாதிரி. வித்தியாசம், அது எங்கள் வீடு.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, 'ஆகவே காவித்தரையே போடுவோம்' என்று நான் வீட்டில் சொன்னேன். சொல்லும்போதே எனக்குள் ஒரு சிறுபத்திரிகைக்காரன் புளகாங்கிதம் அடைந்தான். குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்காகக் கட்டுகிற ஓய்வுவிடுதிகளில் இப்போது காவித்தரையும் ஆத்தங்குடிக் கல்லும் போடுகிறார்கள். 'பாரம்பரியம்' என்று கட்டணம் வாங்குகிறார்கள். ஆத்தங்குடிக் கல் அழகானதுதான். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, சுடாமல், தண்ணீரில் ஊறவைத்துச் செய்கிற கைவேலை. ஆனால் செட்டிநாட்டு மாளிகைகளின் தரையை, பர்மாவின் வரவுசெலவைப் பார்க்காமல் படிக்க முடியாது. 1930களின் பெருமந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கைமாறி, கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. இத்தாலியப் பளிங்குக்கும் பர்மாத் தேக்குக்கும் அடியில் வட்டிக்கணக்கு இருக்கிறது. பாரம்பரியம் என்ற சொல் அந்தக் கணக்கை மெழுகி மறைக்கிறது.

அம்மா என் பேச்சைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: 'காவி வேணும்னா நீ துடைக்கியா? வெள்ளையா டைல்ஸ் போட்ட வீட்டுக்குள்ள ஒரு தடவை நடக்கணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?'

பதில் இல்லை என்னிடம்.

பளபளக்கிற தரைமேல் உள்ள ஆசையை நுகர்வுமோகம் என்று ஒரு வார்த்தையில் ஒதுக்கிவிடுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. 1995 ஆகஸ்டு 31ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தூத்துக்குடி மாவட்டம் கொடியன்குளத்தில், வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் தேவேந்திரர்கள் கட்டி எழுப்பியிருந்த வீடுகளுக்குள் போலீஸ் புகுந்தது. டி.வி., மின்விசிறி, தையல் மெசின், தானியம் என்று தேடித்தேடி உடைத்தது; கிணற்றைப் பாழாக்கியது. 2012 நவம்பர் 7இல் தருமபுரி மாவட்டத்தில் நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகளில் சாதி இந்துக் கும்பல் இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகளைச் சூறையாடி எரித்தது. இரண்டிலும் குறி வைக்கப்பட்டது எழும்பி நின்ற வீடு. ஒரு நிலைக்கு மேல் உயரக்கூடாது என்ற பழைய விதி சட்டப்புத்தகத்தில் இல்லாமலே உயிரோடு இருக்கிறது. அதை இப்போது அமல்படுத்துகிறவர்களில், ஒருகாலத்தில் அந்த விதியால் நசுக்கப்பட்டவர்களின் வாரிசுகளும் உண்டு. மண் தரையில் மட்டுமே கிடக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டவள் டைல்ஸ் கேட்கும்போது, அதை அழகியல் ரசனையின் குறைபாடாகப் பார்க்கிறவன் யார் பக்கம் நிற்கிறான்?

8

பிளானைத் திருத்தினோம். கார் நிறுத்தும் இடத்தில் பாதியைக் குறைத்து, வடக்குப் பார்த்து எட்டடிக்கு ஆறடி தார்சா. வெயில் இறங்காது, வெளிச்சம் விழும். முதுகு சாய ஒரு சுவர், காலை நீட்டத் தோதான அகலம், இலை நனைக்கத் தண்ணீர்க்குழாய், தூசி வெளியே போக இரண்டு பக்கமும் திறப்பு. உள்ளே எல்லாம் டைல்ஸ். குளிக்கிற இடத்தில் மட்டும் சொரசொரப்பானது. தார்சாவுக்குக் காவி. அது என் வாதத்தால் வந்ததில்லை. 'கத்திரி விழுந்தா டைல்ஸு தெறிச்சுப் போகும். நாள் பூரா உக்காந்தா குளுரும்' என்று அம்மாதான் சொன்னாள். இஞ்சினியர் அந்த இடத்தில் 'சிட்டவுட்' என்று எழுதினார். அம்மா எழுத்துக்கூட்டி வாசித்து, அதை அடித்துவிட்டு 'பீடித்தார்சா' என்று எழுதச் சொன்னாள். அவரும் எழுதினார்.

ஒரு விசயம் மட்டும் பாக்கி. பழைய தரையை உடைத்த கட்டியை, சும்மாட்டில் சட்டி வைத்துச் சுமந்து தெருவில் கொட்டியது காலனியிலிருந்து வந்த மூன்று சித்தாள்கள். புதுத்தரைக்கு மண் சுமந்ததும் அவர்கள்தான். 1979இல் பால் காய்ச்சின அன்று, கொத்தனாருக்கு வேட்டி துண்டு கொடுத்துப் பட்டாசலில் இலை போட்டோம். சித்தாள்களுக்குச் சேலை கொடுத்துப் புறவாசலில் சோறு போட்டோம். அந்தக் காவித்தரையில் அவர்கள் ஈரக்காலோடு வேலை செய்திருக்கிறார்கள்; காய்ந்த பிறகு ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. இதை நான் அம்மாவிடம் சொன்னபோது அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. இலையை வெட்டிக்கொண்டே இருந்தாள்.

'இந்தத் தடவ எல்லாருக்கும் உள்ளயே இலை போடுவோம்யா' என்றாள் பிறகு. 'உங்க சித்தப்பா வரமாட்டாருன்னா வராம இருக்கட்டும்.'

தை மாதம் பால் காய்ச்சு. யார் வருகிறார்கள், யார் வரவில்லை, யார் எந்தத் தரைவரை வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.